கேள்விக்குறியைத் தொலைக்காமல் பட்டியல் போடுவது எப்படி

எங்கள் அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரு பித்தளைக் குடுவைக்கு நேரே, எப்போதோ ஓய்வுபெற்ற காப்பாட்சியர் ஒருவர் பென்சிலால் ‘17ஆம் நூற்றாண்டு?’ என்று எழுதி வைத்திருந்தார். பக்கங்களை ஸ்கேன் செய்து செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தோம். மாதக்கணக்கில் ஆகும் தட்டச்சு ஒரே வாரத்தில் முடிந்தது. குடுவையும் ஒரேயடியாக 17ஆம் நூற்றாண்டுக்குப் போய்விட்டது. கேள்விக்குறியைக் காணோம்.

நம் வேலை போய்விடுமா என்று இளையவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடுவைதான் ஞாபகம் வருகிறது.

கையெழுத்தைப் படிப்பது, படங்களுக்குக் குறிச்சொல் போடுவது, ஒரே பொருள் இரண்டு எண்களில் பதிவாகியிருந்தால் காட்டிக்கொடுப்பது, இதையெல்லாம் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். பதிவில் ஏறாத பொருள் காணாமல் போனால் போனதே தெரியாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருள்கள் திருடுபோயோ சேதமாகியோ இருப்பதாக 2023இல் தெரியவந்ததே, அவற்றில் பல முறையாகப் பட்டியலிடப்படாதவை.

ஆனால் தரவுத்தளத்தில் மூன்று கட்டங்கள் வையுங்கள்: பதிவேட்டில் இருப்பது, எந்திரம் எழுதியது, நீங்கள் ஏற்றுக்கொண்டது. ஒன்றின் மேல் ஒன்றை எழுதவே கூடாது. காலத்துக்குப் பக்கத்தில் ‘யார் சொன்னது, எவ்வளவு உறுதி’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கட்டும். அப்புறம், எந்திரம் முடித்ததில் ஐம்பது பதிவுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், எண்களைவிட ‘சுமார்’, ‘இருக்கலாம்’, ‘என்று கேள்வி’ போன்ற சொற்களைத் தேடுங்கள். எங்களுக்குக் கோளாறு அங்கேதான் இருந்தது.

பொருள் கைமாறி வந்த வழியை எழுதும்போது இன்னும் உஷார். எந்திரத்துக்கு இடைவெளி பிடிக்காது; வழவழப்பான ஒரு வாக்கியத்தால் மூடிவிடும். ஐரோப்பிய ஓவியம் ஒன்று 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்று தெரியவில்லையா? அது நாஜிகள் பறித்ததாக இருக்கலாம் என்பதற்கு அந்த இடைவெளியே முதல் தடயம். அப்படிப்பட்ட கலைப்பொருள்களைக் கண்டறிந்து நியாயமான தீர்வு காண வேண்டும் என்று 1998இல் வாஷிங்டனில் 44 நாடுகள் ஒப்புக்கொண்டன. இடைவெளியை மூடினால் தடயத்தையும் மூடியதாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

எந்திரம் ஊகித்ததைக் காட்சிக்கு வைப்பதில் தப்பில்லை, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தின் ஓரங்களை 1715இல் ஒரு சுவருக்கு அடங்கவில்லை என்று வெட்டியிருந்தார்கள். 2021இல் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் மியூசியம் செயற்கை நுண்ணறிவின் உதவியால் அந்த ஓரங்களை உருவாக்கி அச்சிட்டு, மூலத்தைச் சுற்றிச் சில மாதங்கள் வைத்து, பிறகு எடுத்துவிட்டது. அதற்கும் லுண்டென்ஸ் என்பவர் 17ஆம் நூற்றாண்டிலேயே வரைந்த சின்னப் பிரதி ஒன்று ஆதாரமாக இருந்தது. உங்கள் விளக்கப் பலகைகளுக்கும் அதே விதிதான்: முதல் வரைவை எந்திரம் எழுதட்டும், ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

நன்கொடையாளர் முகவரி, மதிப்பீட்டுத் தொகை, பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதெல்லாம் பொது அரட்டைச் செயலிக்குள் போகவே கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

என் உண்மையான கவலை வேறு. நானெல்லாம் ஒவ்வொரு பொருளுக்கும் விவர அட்டை எழுதி எழுதித்தான் பொருளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்த அலுப்பான வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் புதிதாக வருபவர் எங்கே கற்பார்? அதனால் வாரத்துக்கு ஐந்து பொருள்களை எந்திரத்துக்குக் காட்டாமல் ஒதுக்கி, கையுறை போட்டு எடுத்துப் பார்த்து அட்டை எழுதச் சொல்கிறேன். முதல் வாரமே அந்தக் குடுவையைக் கொடுத்தேன். எங்கள் பயிற்சியாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடிப்பாகம் வேறு நிறமாக இருக்கிறதே, பிறகு ஒட்டியதா என்று கேட்டாள். பதிவில் இப்போது இரண்டு கேள்விக்குறிகள்.