விண்டோஸ் 11-க்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. வீட்டுக் கணினிக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்), வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் அதே கணினியில் திறப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்காக அவசரப்பட்டுக் காசை இறைக்கவும் வேண்டாம்.

"இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்று திரையில் வந்ததுமே புதிதாக வாங்கக் கிளம்பிவிடுவதுதான் முதல் தவறு. மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பாருங்கள், எது குறை என்று அது சொல்லும். டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சம்) இல்லை என்று மட்டும் வந்தால், அது உள்ளேயே இருந்து அணைத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கணினியை ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். பிராசசர் இன்டெல் என்றால் பிடிடி (PTT), ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் (fTPM) என்ற பெயரில் அது இருக்கும். அதை இயக்கினால் போதும். ஆனால் அங்கே கை வைக்கும் முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியீட்டை எழுதி வையுங்கள். அது கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டால், குழந்தைகளின் படங்கள் உட்பட எல்லாம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

பழைய லேப்டாப் வாங்குவோர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலோ கரோசெல் இணையச் சந்தையிலோ 'ஐ7' என்ற பிராசசர் பெயரைப் பார்த்ததும் மயங்கிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ7-6600யூ ஆறாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு ஆதரவு. அதனால் இங்கே ஐ5-தான் நல்ல சாமான். "விண்டோஸ் 11 போட்டே தர்றோம்" என்றாலும் எண்ணைப் பாருங்கள். தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பியது போக மிச்சம் பிடித்து வாங்கும் தம்பிகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பது விண்டோஸ் 11 நிறுவுவதற்கான குறைந்தபட்சம் மட்டுமே. பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தாலே 4 ஜிபி திணறும். 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், 16 இருந்தால் நிம்மதி. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், வேகம் கண்ணுக்கே தெரியும்.

எப்படியும் தேறாத கணினியா? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அது 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 இருந்தால் வசதி. அதுவும் வேண்டாம் என்றால் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.