டிரம்மில் ஓடியதை நம்பாதீர்கள்: பழைய அவுட்போர்டைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி முதல் ராமநாதபுரம் வரை கரையோரங்களில் ஃபைபர் படகிலிருந்து கழற்றிய பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்கள் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுபவை) கைமாறிக்கொண்டே இருக்கும். 15 குதிரைத்திறனிலிருந்து 40 வரை, பெரும்பாலும் யமஹா அல்லது சுசுகி, இரட்டை சிலிண்டர். 12, 14 அடி ஸ்பீடு போட்டுக்கு இவை நல்ல பொருத்தம். வாங்கி வந்து கார் ஷெட்டில் ஸ்டாண்டு போட்டு மாட்டி, மாதக்கணக்கில் மெனக்கெட்டுப் புதுப்பிக்கிறார்கள். பிறகு தண்ணீரில் இறக்கிய முதல் அரை மணி நேரத்திலேயே பிஸ்டனைத் தொலைக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான். இன்றைக்கும் அதே வரிசையில் நடப்பதைப் பார்க்கும்போது மனசு பொறுக்கவில்லை.

தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது, பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடலாம்.

மண்ணெண்ணெய் மோட்டார் என்று தெரியாமல் வாங்குவது

நம் தென்கரையிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் நிறைய. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெட்ரோல் மோட்டார் மாதிரியே இருக்கும். யமஹாவில் மாடல் பெயரில் ‘கே’ என்ற எழுத்து வருகிறதா என்று பாருங்கள்.

இதன் ஹெட் குறைந்த கம்ப்ரஷனுக்காகச் செய்யப்பட்டது. கார்புரேட்டரில் எரிபொருள் வரும் சிறு துளையான ஜெட்டின் அளவும் வேறு. இது தெரியாமல் கேஜ் வைத்துப் பார்த்து, “கம்ப்ரஷன் போய்விட்டது” என்று நல்ல ரிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அளவு கூடக்குறைய இருப்பதைவிட, இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கயிறு இழுங்கள். இரண்டுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹெட்டைத் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது

அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட். உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் புகுந்து, வெள்ளைப் பொடியாக இறுகி, போல்ட்டை உடலோடு ஒட்டவைத்துவிடும். நீளமான பைப்பைச் சொருகி ஒரே மூச்சில் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். மிச்சத்தை எடுக்கத் துளை போட்டு, ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) வைத்து முடிக்க ஒரு வாரம் போய்விடும்.

ஊடுருவும் எண்ணெயை மூன்று நாள், காலை மாலை விடுங்கள். பிறகு ஹீட் கன்னால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சூடாக்குங்கள். சூடு பட வேண்டியது போல்ட் அல்ல. கால் சுற்று இறுக்கம், கால் சுற்று தளர்வு என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். போல்ட் கிறீச்சிட்டு அசைந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டு போனால் உடனே நிறுத்திவிடுங்கள். அது உடையப் போகிறது. திரும்பப் போடும்போது ஒவ்வொரு மரைக்கும் மரைன் கிரீஸ் தடவ வேண்டும்.

ஃபிளைவீலைச் சுத்தியலால் தட்டுவது

அதைக் கழற்றும் கருவியான புல்லரை வாங்குங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விட்டால் ஃபிளைவீலையே மாற்ற வேண்டியதுதான்.

டிரம்மில் ஓடியதை ஓட்டம் என்று நம்புவது

அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பது இந்த ஒரு இடத்தில்தான். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்ததும் பிடித்துக்கொள்கிறது. ஐடிலில் சீராக ஓடுகிறது, மோட்டாரின் பக்கவாட்டுத் துளையில் குளிரூட்டும் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது. வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படகில் மாட்டி முழு வேகத்தில் விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் வேகம் தானாகக் குறைகிறது. ஓட்டுகிறவர் திராட்டிலை இன்னும் முறுக்குகிறார். நின்றுவிடுகிறது. ஆறவைத்துக் கயிறு இழுத்தால் மறுபடி பிடிக்கிறது. அங்கேயே நிறுத்தாமல், “சூடாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று திரும்ப ஓட்டுகிறார். பட்டறையில் ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டர் சுவரில் அலுமினியம் கோடு கோடாக அப்பியிருக்கும்.

டிரம்மில் ஓடியபோது எதுவும் தெரியாததற்குக் காரணம் கார்புரேட்டருக்குள் இருக்கிறது. ஐடிலில் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக. திராட்டில் பாதிக்கு மேல் திறந்த பிறகுதான் மெயின் ஜெட் முழு வேலைக்கு வரும். டிரம்மில் மோட்டாரை அந்த அளவுக்குத் திறக்கவே முடியாது. தண்ணீர் வெளியே கொட்டும், காற்று கலந்து நுரைத்து புரொப்பெல்லர் சும்மா சுற்றும். பாதி அடைத்த மெயின் ஜெட் டிரம்மில் ஒருநாளும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. ஜெட் பாதி அடைத்தால் பெட்ரோல் குறைகிறது, அதோடு ஆயிலும் குறைகிறது. கலவை மெலிந்ததால் எரியும் சூடும் ஏறுகிறது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியும் அளவு, இரும்பு ஸ்லீவ் விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆயில் படலமும் இல்லாத நேரத்தில் பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடிக்கிறது. சூடு அதிகமுள்ள எக்ஸாஸ்ட் பக்கத்தில்தான் முதல் கோடு விழும். சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் உள்ள மாடல்களில் ஒன்று மட்டும் அடைத்திருந்தாலும் அந்த ஒரு சிலிண்டர் போய்விடும். அப்புறம் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், போரிங், ரிங், கேஸ்கெட். மோட்டாரை வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தோம் என்று எல்லோருமே சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால், ஸ்ப்ரே கேனை வாயில் வைத்து அடித்திருப்பார்கள். கழற்றுங்கள். மெயின் ஜெட்டைத் திருகி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாக, விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். பழைய பெட்ரோல் காய்ந்தால் வெல்லப்பாகு நிறத்தில் மெல்லிய படலமாகத் துளைக்குள் ஒட்டியிருக்கும். வெளிச்சம் வரும், ஆனால் துளை சிறுத்திருக்கும். கம்பி, ஊசி எதையும் விடாதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். கிளீனரில் ஓர் இரவு ஊறப்போட்டு, சரியான பருமனில் தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் நூல்) விட்டு இழுத்தால் படலம் கழன்று வரும். ஜெட்டுக்கு மேலே இருக்கும் நீளக் குழாயின் பக்கவாட்டுத் துளைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பது. மிதவையின் உயரத்தை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் கலவை மெலியலாம். ஃபியூல் பம்பின் டயஃப்ரம் விறைத்திருந்தால் ஐடிலுக்குப் போதும், முழு வேகத்துக்குப் போதாது. பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள் அடுக்கு உரிந்து இழுக்கும்போது வழியை மூடும். ஒரு விரல் நீளம் வெட்டி நெடுக்காகப் பிளந்து விரலால் தேயுங்கள். கருப்பு ஒட்டினால் முழுவதையும் மாற்றுங்கள். இப்போது நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் கூடினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அந்த அடுக்கில் ஆயில் கலக்காது. டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலை டேங்கில் விட்டு வைக்கவே வைக்காதீர்கள்.

ஃபிளைவீலைக் கழற்றும்போது அதன் அடியில் இருக்கும் மேல் கிராங்க் சீல் என்ற ரப்பர் அடைப்பையும் பாருங்கள். உதடு விறைத்திருந்தால் அந்த வழியே காற்று புகுந்து மேல் சிலிண்டரின் கலவையை மெலியவைக்கும்.

பயந்துபோய் ஆயிலை இரண்டு மடங்கு ஊற்றுகிறவர்களும் உண்டு. அதே ஜெட் வழியாக ஆயில் கூடப் போனால் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். கலவை இன்னும் மெலியும். 50-க்கு 1 என்று மேனுவல் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. புதிய பிஸ்டன், ரிங் போட்டிருந்தால் முதல் 10 மணி நேரத்துக்கு 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. அதுவும் மிதமான வேகத்தில் ஓட்டும் நாட்களுக்கு மட்டும். ஆயில் டிசி-டபிள்யூ3 தரமுள்ள மரைன் ஆயிலாக இருக்க வேண்டும். பைக்குக்கான 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. அதன் சாம்பல் ரிங் பள்ளத்தில் சேர்ந்து ரிங்கை ஒட்டவைக்கும்.

உண்மையான சோதனை தண்ணீரில்தான். லைஃப் ஜாக்கெட், மணிக்கட்டில் கில் கயிறு, கூட ஓர் ஆள், படகில் துடுப்பு, காற்றில்லாத காலை நேரம். 10 நிமிடம் பாதி வேகத்தில் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் முழு வேகம், இரண்டு நிமிடம் பாதி என்று மாற்றி மாற்றி விடுங்கள். முழு வேகத்தில் மூச்சு திணறினால், கூட இருப்பவர் ஃபியூல் ஹோஸில் இருக்கும் பிரைமர் பல்பை (கையால் அழுத்தும் ரப்பர் பம்ப்) அழுத்தட்டும். அழுத்தியதும் வேகம் கூடினால் குறை பம்ப்பிலோ ஹோஸிலோ டேங்கிலோ இருக்கிறது. அழுத்தியும் மாறவில்லையென்றால் ஜெட்டைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமலே கில் கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். படகு சட்டென்று அமுங்கும், கூட இருப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கேயே இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீங்கான் மூக்கு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் மெலிந்திருக்கிறது. ஒன்று பழுப்பாகவும் மற்றது வெளுப்பாகவும் இருந்தால் வெளுத்த பிளக்கின் சிலிண்டரைச் சரி செய்யாமல் முழு வேகம் கூடாது. மெதுவாகக் கரைக்குத் திரும்புங்கள். ஐடிலில் கரை சேர்ந்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும்.

பக்கத்துத் துளையில் தண்ணீர் வந்தால் போதும் என்று நினைப்பது

அந்த நீர்க்கோடு பம்ப் தள்ளுகிறது என்பதற்குச் சாட்சி. ஹெட்டைச் சுற்றி ஓடுகிறது என்பதற்கு அல்ல. தண்ணீர் பம்ப்பிலிருந்து கழற்றிய பழைய இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு மேலே எங்கேயோ தண்ணீர் வழியில் சிக்கியிருக்கிறது. புது இம்பெல்லர் போட்டுவிட்டு அதைத் தேடாமல் விட்டால் ஹெட் வெந்துபோகும். தெர்மோஸ்டாட் கவரைத் திறந்து உப்புக் கட்டியையும் சுரண்டி எடுங்கள்.

இம்பெல்லரை மட்டும் மாற்றுவது அரை வேலை. அது உரசும் தகட்டிலும் கப்பிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். சோப்பு நீர் தடவி, டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே கப்பை இறக்குங்கள். முதல் ஓட்டத்தில் டெம்பரேச்சர் கன்னை ஹெட்டுக்கு நேரே பிடியுங்கள். 70 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

கியர் ஆயிலை மேல் துளை வழியாக ஊற்றுவது

கீழிருந்து ஏற்றுங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. பழைய ஆயில் பால் போட்ட டீ நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது.

பழைய புரொப்பெல்லரையே மாட்டுவது

வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய கனமான படகைத் தள்ளக் குறைந்த பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) உள்ள புரொப்பெல்லர் போட்டிருப்பார்கள். இலகுவான ஸ்பீடு போட்டில் அதே புரொப்பெல்லர் மோட்டாரை அளவுக்கு மீறிச் சுற்றவிடும். டேக்கோமீட்டர் வைத்து முழு வேகத்தில் பாருங்கள். இந்த வகை டூ-ஸ்ட்ரோக்குகளில் பலவற்றுக்கு வரம்பு நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வரை. உங்கள் மாடலுக்கான எண் மேனுவலில் இருக்கும். ஓர் அங்குலம் பிட்ச் கூட்டினால் ஏறக்குறைய 150, 200 சுற்று குறையும். பிளக் நிறம் பார்க்கும் சோதனையைச் சரியான புரொப்பெல்லரோடுதான் செய்ய வேண்டும். சுமை மாறினால் அந்த நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடிப்பது

மோட்டாரின் உடலுக்குப் பதிலாக அது அரிபடுவதற்காகவே வைத்தது. அதன் மேல் பெயிண்ட் படக்கூடாது.

ஓட்டி முடித்ததும் அப்படியே நிறுத்தி வைப்பது

கடலில் ஓடி வந்த மோட்டாருக்கு 10 நிமிடம் நல்ல தண்ணீர் ஓடட்டும். கடைசி நிமிடங்களில் ஃபியூல் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஐடிலிலேயே தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு கார்புரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் மிச்சமிருக்கும் நாலைந்து சொட்டையும் துணியில் வடித்துவிடுங்கள். மெயின் ஜெட் இருப்பது அந்தக் கிண்ணத்துக்குள்தான்.