ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் முதலில் மணியைக் குறித்துவையுங்கள்

ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டுக்கு ராத்திரி ஜீப் வருகிறது, "சும்மா விசாரணைதான், காலையில் அனுப்பிடுவோம்" என்று உங்கள் தம்பியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அழுகைதான் வரும், தெரியும். ஆனாலும் அந்த நிமிஷமே மணி, வண்டி எண், பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு, அந்தக் கணக்குக்கு உங்களிடம் இருக்கும் சாட்சி இந்தத் தாள்தான். பயண நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வருவதற்கு எத்தனை நேரம் ஆகும் என்று ஊருக்கே தெரியும், மலையைச் சொல்லி இரண்டு நாள் வைத்திருக்க முடியாது.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். என்ன வழக்கு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். காரணத்தை அவருக்கும், கைதான செய்தியை வீட்டாருக்கும் அவர்கள் சொல்லியாக வேண்டும். "அப்படி யாரும் இங்கே இல்லை" என்றால் வாக்குவாதம் வேண்டாம், அன்றைக்கே எஸ்.பி.க்கு மனு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டியும் ஆளைக் காட்டவில்லையா, ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுதான். சேலத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். உள்ளே இருப்பவரின் கையெழுத்து தேவையில்லை. அம்மா, மனைவி, நண்பர் யாரும் போடலாம். இங்கிலாந்திலிருந்து வந்த வழி இது. 1771இல் லண்டனில், கப்பலில் அடைக்கப்பட்டிருந்த அடிமை ஜேம்ஸ் சாமர்செட்டுக்காக மனு போட்டதும் அவருடைய ஞானப் பெற்றோர்தான், 1772இல் அவர் விடுதலையானார். அதற்கு முன்பே அங்கே வந்த 1679ஆம் ஆண்டு ஆட்கொணர்வுச் சட்டம், உரிமை என்று பொதுவாகப் பேசி நிறுத்தாமல், 20 மைலுக்குள் என்றால் 3 நாளில் ஆளைக் கொண்டுவா, தவறினால் சிறை அதிகாரிக்கு முதல் முறை 100 பவுண்டு அபராதம் என்று கணக்கே போட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

பணமில்லை என்று தயங்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், 15100க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாசிகள்) போன்ற பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பும் கிடையாது.

நடுவர் முறைப்படி ரிமாண்ட் செய்துவிட்டால் அநேகமாக ஜாமீன்தான் வழி. முன்கூட்டியே தடுத்து வைக்கும் குண்டர் சட்டம் என்றால் 24 மணி நேரக் கணக்கு செல்லாது, ஓராண்டு வரை வைக்கலாம். ஆனால் அங்கேயும் ஆட்கொணர்வு மனு உண்டு. காவல் உத்தரவோடு கொடுத்த ஆவணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கின்றனவா, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். அந்த ஒரு குறைக்காகவே ரத்தான உத்தரவுகள் நிறைய.