பிளஸ் டூவுக்குப் பிறகு நாட்டியமா, கல்லூரியா? வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து பரதநாட்டிய வகுப்புகளில் ஆள் குறைந்துவிடும். "மக்ளே, மொதல்ல ஒரு டிகிரி எடு, ஆட்டத்தப் பொறவு பாக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பிள்ளையோ யூடியூபில் மேற்கத்திய பாலே நடனப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு, பதினெட்டில் விட்டால் எல்லாம் போச்சு என்று அழும்.

பாலேயின் கணக்கை இங்கே போடுவதுதான் பெரிய தவறு. அங்கே பெரிய குழுக்கள் 17, 18 வயதிலேயே ஆளெடுக்கும். நாற்பதுக்குள் பெரும்பாலோர் மேடையை விட்டுவிடுவார்கள். ஆனால் குழுவில் இருக்கும்வரை சம்பளம் உண்டு. பரதத்தில் வயது அப்படி விரட்டாது. 1918இல் பிறந்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1970களிலும் ஆடினார். இங்கே இல்லாதது அந்தச் சம்பளம். மாதாமாதம் பணம் தந்து ஆடவைக்கும் குழுக்கள் அபூர்வம், பலருக்கும் சோறு போடுவது வகுப்பெடுப்பதுதான். ஆகவே வீட்டில் பேச வேண்டியது வயதைப் பற்றி அல்ல, முதல் சில வருடங்களின் செலவைப் பற்றி.

அந்தப் பணத்தைத்தான் அரங்கேற்றத்தில் கரைக்கிறோம். மண்டபம், பக்கவாத்தியம், சாப்பாடு என்று கல்யாணம் போல நடத்திவிட்டு, சென்னையில் தங்கி நடனம் படிக்க ஹாஸ்டலுக்குப் பணமில்லை என்பார்கள். ஐந்து வருடமாவது முறையாகக் கற்ற, 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் தேர்வு வைத்து இரண்டு வருடம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிப்பவர்கள் நம் பக்கத்தில் குறைவு என்றே தோன்றுகிறது.

நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய சென்னை நடனப் பள்ளியான கலாக்ஷேத்ராவில் நான்கு வருட டிப்ளமா இருக்கிறது. (பாலே ஆடிய அன்னா பாவ்லோவாதான் அவரை நம் ஊர் நாட்டியத்தின் பக்கம் திருப்பியவர்.) டிப்ளமாவை டிகிரி என்று நினைத்துச் சேராதீர்கள். அரசு வேலைக்கோ பி.எட்.டுக்கோ போகும்போது இடிக்கும். கூடவே இக்னோ போன்ற தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரி படிக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 முதல் அனுமதிக்கிறது.

சென்னையை மட்டுமே பார்ப்பதும் நம் பழக்கம். எழுநூறு கிலோமீட்டர் ரயிலேறுபவர்கள், எழுபது கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரத்து நிசாகந்தி, சூர்யா கலை விழாக்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

உள்ளூரிலேயே கல்லூரி என்று முடிவானால், பாடத்தைப் போலவே நேரத்தையும் விசாரியுங்கள். காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி இருட்டும்போது திரும்பும் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தால் தினசரி ஆட்டப் பயிற்சி தொடராது. நான்கு வருடம் கழித்து அரைமண்டியில் (முட்டியை மடக்கி நிற்கும் பரத நிலை) உட்கார்ந்தால் முட்டி சொல்லும். மதியத்தோடு முடியும் கலைக் கல்லூரி ஷிப்ட் கிடைத்தால், மாலை முழுக்க ஆட்டத்துக்கு.