பெட்ரோல் ஆவி கசிவா? மூடியிலிருந்து தொடங்குங்கள்

சேலத்து வெயிலில் நின்ற காரை எடுத்து ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் வாடை அடித்தால் அலட்சியம் வேண்டாம், சூட்டிலும் உயரத்திலும் டேங்கில் ஆவி அதிகமாகும். என்ஜின் விளக்கும் எரிகிறதா? காரின் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போடுங்கள்: பி0455 பெரிய கசிவு, பி0442 சின்னது, பி0456 மிகச் சின்னது.

முதலில் டேங்க் மூடி. ரப்பர் வளையத்தில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். சரிசெய்ததும் விளக்கு உடனே அணையாது, கார் தன் சோதனையை மறுபடி முடிக்க வேண்டும்.

அப்புறம் பர்ஜ் வால்வு, அதாவது கேனிஸ்டரில் (டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) சேர்ந்த ஆவியை என்ஜினுக்கு விடும் வால்வு. மின்சாரம் இல்லாதபோது அது மூடியே இருக்கவேண்டும். அதன் கனெக்டரைக் கழற்றி, கேனிஸ்டர் பக்க ஹோஸையும் உருவிவிட்டு, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு வால்வு வாயில் விரல் வையுங்கள். இழுத்தால் வால்வு போய்விட்டது. கேனிஸ்டருக்கு வெளிக்காற்று விடும் வென்ட் வால்வு இதற்கு நேர் எதிர், சாதாரணமாகத் திறந்திருக்கும்.

இதிலும் பிடிபடவில்லையென்றால் வென்ட்டை மூடிவிட்டுப் புகைச் சோதனைதான், அதாவது உள்ளே புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. அழுத்தம் 1 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கட்டும், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். பக்கத்தில் பீடி, தீப்பொறி எதுவும் கூடாது.

பங்க்கில் நாசில் தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் நிரப்பினால் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போய்க் கரியைக் கெடுத்துவிடும்.