இரும்புக் குளிசைய தேத்தண்ணியோட போடாதீங்க

எங்கட அம்மாவுக்கு போன வருசம் ரத்தம் காணாது எண்டு குளிசை குடுத்தாங்க, மூண்டு மாசம் ஒரு நாளும் விடாம போட்டா, மறுகா டெஸ்ட் பண்ணினா ஹீமோகுளோபின் 9.4ல இருந்து 9.6க்குத்தான் வந்திருக்கு, வயிறு மட்டும் ஊதி கக்கூசுக்குப் போறதே பெரும்பாடு. பாத்தா காலமை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு அந்தக் கையோட குளிசைய சாயம் கூடின தேத்தண்ணியாலதான் விழுங்கியிருக்கா. கிழக்கிலங்கையில களுவாஞ்சிக்குடில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கட ஆக்கள்ல முக்காவாசிப் பேர் இப்பிடித்தான் போடுறாங்க, அதுக்குத்தான் இத எழுதுறன்.

தேயிலைச் சாயத்துல இருக்கிற டானின் இரும்ப இறுக்கிப் பிடிச்சிரும், பிடிச்சா அது ரத்தத்துக்குள்ள ஏறாது. ஏறாத இரும்பு எங்க போகும்? பெருங்குடலுக்குத்தான். அங்க ஈ.கோலை மாதிரிக் கிருமிகளுக்கு இரும்பு எண்டா நல்ல தீனி, ஆனா தயிர்ல இருக்கிற லாக்டோபாசிலஸ் எண்ட நல்ல கிருமிக் கூட்டத்துக்கு இரும்பு பெரிசாத் தேவையில்ல, அதனால மிச்ச இரும்பு கூடக்கூட கெட்டதுக்குத்தான் கை ஓங்கும். கென்யாவுல கைக்குழந்தைகளுக்கு சாப்பாட்டுல இரும்பு கலந்து குடுத்துப் பாத்த ஆய்வுலயும் இதுதான் நடந்திச்சு. அப்ப குளிசைய கூட்டிப் போடுறதால ஒரு பிரயோசனமும் இல்ல, போடுற கொஞ்சம் ரத்தத்துக்குப் போகணும்.

முதல்ல டெஸ்ட். ஹீமோகுளோபின் மட்டும் பாத்துட்டு குளிசை வாங்காதீங்க, ஃபெரிட்டினும் கேளுங்க, அது உடம்புல சேமிப்புல எவ்வளவு இரும்பு கிடக்கு எண்டு காட்டும். பெரிய ஆக்களுக்கு ஃபெரிட்டின் 15 ng/mLக்குக் கீழ எண்டா சேமிப்பு காலி. ஆனா காய்ச்சலோ வீக்கமோ இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறி நிக்கும், அப்ப உடம்புல வீக்கம் இருக்கா எண்டு காட்டுற சிஆர்பி டெஸ்டும் சேத்துப் பாக்கணும். ஈரல்ல கொழுப்பு, சீனி வருத்தம், தொப்பை இருக்கிறவங்களுக்கும் ஃபெரிட்டின் அநேகமா கூடித்தான் நிக்கிற, அவங்க சோர்வா இருக்கு எண்டு சும்மா கடையில இரும்புக் குளிசை வாங்கிப் போடவே கூடாது. இன்னொண்டு, இரும்பு குறைஞ்சா எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூண்டு மாசச் சீனி அளவக் காட்டுற டெஸ்ட், உள்ளதவிட கூடக் காட்டும், சீனி கூடிட்டு எண்டு பயப்பட முதல் டொக்டர்ட்ட இதையும் கேளுங்க. தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்த சுமக்கிற ஆக்களுக்கும் ரத்த அணு சின்னதாத்தான் தெரியும், ஆனா இரும்பு குறைவா இருக்கணும் எண்டு இல்ல. ஆம்பிளைகளுக்கும் மாதவிடாய் நிண்ட பொம்பிளைகளுக்கும் இரும்பு குறைஞ்சா குடல்ல எங்கயாவது ரத்தம் கசியுதா எண்டு கட்டாயம் பாக்கணும், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க.

இப்ப போடுற முறை. எழும்பின உடன வெறும் வயித்துல, அரைத் தேசிக்காய் பிழிஞ்ச தண்ணியோட, சீனி வேணாம். தேத்தண்ணி, பால், தயிர் எல்லாம் ஒண்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான். வயித்தப் பிரட்டினா கொஞ்சம் சாப்பிட்டுட்டுப் போடலாம், ஆனா தேத்தண்ணியோட இல்ல. கிளினிக்ல தாற கல்சியம் குளிசைய ராவைக்கு வைங்க, தைரொயிட் குளிசை எண்டா நாலு மணித்தியாலம் இடைவெளி.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா எண்டு டொக்டர்ட்ட கேளுங்க. ஒரு குளிசை போட்டா ஈரல் ஹெப்சிடின் எண்டு ஒரு ஹோர்மோன விடும், அது ஒரு நாள் அளவுக்கு குடல்ல இரும்பு ஏறுற கதவச் சாத்திரும், அடுத்த நாளும் போட்டா கனக்க ஏறாம கீழதான் இறங்கும். அம்மாக்கு இப்பிடி மாத்தினதுக்குப் பிறகுதான் வயித்து ஊதல் அடங்கிச்சு. பிள்ளத்தாச்சிப் பொம்பிளைகள் மட்டும் தாங்களா மாத்த வேணாம், கிளினிக்ல சொன்ன மாதிரியே போடுங்க.

சாப்பாட்டுல மட்டி, ஈரல், சூரை மீன் இதுகள்ல இருக்கிற இரும்பு லேசா ஏறும். முருங்கையிலைச் சுண்டல தனிய தின்னாம ஒரு மீன் துண்டோட தின்னுங்க, மீன் இருந்தா இலையில இருக்கிற இரும்பும் சேந்து ஏறும், தேசிக்காய அடுப்பால இறக்கின பிறகு பிழிங்க, சூட்டுல இரும்ப ஏத்தி விடுற விட்டமின் சி போயிரும்.

குடலுக்கு? பழஞ்சோறும் சின்ன வெங்காயமும், கௌபி, பயறு, வாழைப்பொத்தி. இந்த நார நல்ல கிருமிகள் புளிக்க வெச்சு பியூட்டிரேட் எண்டு ஒண்ட உண்டாக்கும், குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. எருமைத் தயிர் எங்கட பக்கம் கிடைக்கிற மாதிரி வேற எங்கயும் கிடைக்காது, பகல் சோத்தோட நல்லாச் சாப்பிடுங்க, பாணி ஊத்தாம.

ரத்தம் ஏறிட்டு எண்டு உடன நிப்பாட்டாதீங்க, சேமிப்பு நிரம்ப இன்னும் மூண்டு மாசமாவது எடுக்கும். மலம் கறுப்பாப் போறது குளிசையால, ஆனா தார் மாதிரி ஒட்டி நாறினா உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளிசைப் போத்தல பிள்ளைகள் எட்டாத இடத்துல வைங்க, டொபி எண்டு நினைச்சு கொஞ்சத்த முழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு உயிர் ஆபத்து.