பிரசவ வார்டு நர்ஸ்களுக்கு எந்தச் சிறப்புச் சான்றிதழ்? தேர்ந்தெடுக்கும் முறை

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் டியூட்டி ரோஸ்டரை எடுத்து வையுங்கள். லேபர் ரூம், போஸ்ட்நேட்டல் வார்டு (பிரசவம் முடிந்த தாய்மார்கள் இருக்கும் வார்டு), பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று பிரித்து, எதில் எத்தனை ஷிப்ட் பார்த்தீர்கள் என்று மாதவாரியாக எழுதுங்கள். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் மூன்றையும் ஒரே சிஸ்டர்தான் பார்ப்பார். ஆனால் சிறப்புச் சான்றிதழ்கள் பலவும் குறிப்பிட்ட பிரிவில் பார்த்த மணிநேரத்தைத்தான் கேட்கும். எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டில் வெறுமனே ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று வாங்கினால் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போகலாம். வார்டின் பெயர், தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு கேட்டால் அலைய வேண்டிவரும், இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

எந்தப் பிரிவானாலும் முதலில் எடுக்க வேண்டியது பச்சிளங்குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி (என்.ஆர்.பி.). சான்றிதழுக்காக மட்டும் போகாதீர்கள், கை பழக வேண்டும். குழந்தை மூச்சுவிடவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் பேக்-மாஸ்க் (முகத்தில் மாஸ்க் பதித்து, பேக்கை அமுக்கி மூச்சுக் கொடுப்பது) தொடங்கியாக வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. மாஸ்க் வாய், மூக்கு, தாடை நுனியை மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: நெஞ்சு எழும்பவில்லை என்றதும் பேக்கை இன்னும் வேகமாக அமுக்குவார்கள். வேகம் உதவாது. மாஸ்க்கைச் சரியாகப் பதித்து, தலையை லேசாக நிமிர்த்திப் பாருங்கள். அப்படியும் எழும்பாவிட்டால் வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சி, வாயைத் திறந்துவைத்து, கடைசியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். மூச்சு சரியாக உள்ளே போய் 30 நொடி ஆன பிறகும் இதயத்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சை அழுத்துவது: மூன்று அழுத்தம், ஒரு மூச்சு.

அடுத்து பாதை பிரியும். பச்சிளங்குழந்தைப் பிரிவில்தான் மனம் நிற்கிறது என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ (நர்சிங் முடித்தவர்களுக்கான பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் படிப்பு). கல்லூரிக்கு அந்தப் படிப்புக்கான அனுமதி இந்த ஆண்டு இருக்கிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பிச் சேராதீர்கள். அரசுப் பணியில் லேபர் ரூமில் இருப்பவர்கள் 21 நாள் எஸ்.பி.ஏ. (திறன்பெற்ற பிரசவ உதவியாளர்) பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம்.

போஸ்ட்நேட்டல் வார்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது தாய்ப்பால் ஆலோசகருக்கான ஐ.பி.சி.எல்.சி. சான்றிதழ். உலகம் முழுக்க ஒரே தேர்வு. நர்ஸ்களுக்கான வழியில் 95 மணிநேர வகுப்பும், விண்ணப்பிக்கும் முன் 5 ஆண்டுக்குள் 1,000 மணிநேர நேரடி அனுபவமும் வேண்டும். தாய்ப்பால் கொடுக்க உதவிய நேரம் மட்டுமே அதில் சேரும், முழு ஷிப்ட் சேராது. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டுத் தேதியோடு குறியுங்கள்.

அமெரிக்காவின் ஆர்.என்.சி. சான்றிதழ்கள் (பதிவு பெற்ற நர்ஸ்களுக்கான பிரிவுவாரிச் சிறப்புச் சான்றிதழ்கள்) பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே எடுக்கக்கூடியவை அல்ல. அமெரிக்க அல்லது கனடா நர்ஸ் உரிமமும், அந்தப் பிரிவில் 2 ஆண்டு, 2,000 மணிநேர அனுபவமும் இருக்க வேண்டும். அங்கே போகிற எண்ணம் இருந்தால் முதலில் அந்த உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். நம் பக்கம் இனிஷியல்தான் சிக்கல். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் முன்னால் இருக்கும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். மாநில நர்சிங் கவுன்சில் பதிவில் வேறு மாதிரி இருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கவுன்சில் பதிவைத் திருத்திவிட்டு அப்புறம் கட்டணம் செலுத்துங்கள்.